இருபத்தேழாம் எண் நாற்காலி

ஆல்வின் ஹாகனுக்கு முடி வெட்டுவது என் தொழிலுக்கே அவமானம். தலையில் இருப்பதே காதோரம் நாலு மயிர். அதற்கு வாரம் தவறாமல் சனிக்கிழமை காலை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"வளரவே இல்லையேய்யா, எதை வெட்டுறது?" என்பேன்.

"அப்ப சவரம் பண்ணு" என்பார்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் லீலண்ட் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் செத்து, அங்கேயே மண்ணுக்குள் போனான். அந்த மனிதரின் முகத்தைத் தொட இந்த அயோவா மாநிலத்தில் என் கையை விட்டால் வேறு கை கிடையாது. அது எனக்குத் தெரியும் என்பதால் சூடான துண்டை அவர் முகத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பேன்.

போர் முடிந்த மறு வருடம் எங்கள் ஊர்க் கல்லூரியில் மறுபடி கால்பந்து தொடங்கியது. கால்பந்து என்று பேர்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை அமுக்கி மண்ணைக் கவ்வவைப்பதும்தான் எங்கள் ஆட்டம். போர்க்காலத்தில் ஆட ஆள் இல்லாமல் மைதானம் புல் மண்டிக் கிடந்தது. இப்போது வந்து சேர்ந்தவர்களில் பாதிப்பேர் பையன்களே அல்ல. ஒருவன் மீசை வைத்திருந்தான், ஒருவன் கைக்குழந்தையோடு கல்லூரித் தகரக் கொட்டகையில் குடியிருந்தான். மீதிப்பேர் பள்ளி முடித்த பிஞ்சுகள். பயிற்சியாளர் கத்தினால் பிஞ்சுகள் நடுங்கும். பீரங்கியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். அப்படிப்பட்ட அணி எப்படி உருப்படும்? வாராவாரம் தோற்றது. வாராவாரம் நான் தொண்டை கிழியத் திட்டினேன்.

ஆல்வினை என் காரில் அழைத்துப் போவேன். அவருக்கு ஆட்டத்தில் அ, ஆ கூடத் தெரியாது. முதுகில் இருபத்தேழு போட்டவனை மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார். போருக்கு முன் அது லீலண்டின் எண். இப்போது டுவேன் கூபிச்செக் என்ற பிஞ்சு அதை மாட்டியிருந்தான்.

எங்கள் கல்லூரியில் அக்டோபர் கடைசியில் அப்பாக்கள் நாள் என்று ஒரு வழக்கம் உண்டு. அன்று ஆட்டக்காரர்களின் தகப்பன்மார் முதுகில் மகனின் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, மைதான ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார்கள். வராத தகப்பனின் எண் அட்டையை அவருடைய காலி நாற்காலியிலேயே குத்திவைப்பார்கள். லீலண்ட் ஆடிய ஒரே வருடத்தில் அந்த அட்டை நாற்காலியில்தான் இருந்தது. ஆல்வினின் வயலில் மக்காச்சோளம் ஒடிக்காமல் நின்றது, வானம் கறுத்திருந்தது. "அடுத்த வருஷம் வரேன்டா" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் லீலண்ட் பட்டாளத்தில் இருந்தான்.

இந்த வருட அப்பாக்கள் நாளிலும் வானம் கறுத்திருந்தது. நாங்கள் போனபோது வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி. அதன் மேல் இருபத்தேழு.

வேலியோரம் வந்த டுவேனை ஆல்வின் கூப்பிட்டார். "உங்க அப்பா வரலையா தம்பி?"

"கதிர் இன்னும் ஒடிக்கலைங்க. மழைக்குள்ள முடிக்கணுமாம். அடுத்த வருஷம் வரேன்னாரு."

பயிற்சியாளருக்கு ஆல்வினைத் தெரியும். "நீங்க உக்காருங்க, உங்க பையன் நம்பர்தானே" என்று கையைப் பிடித்து இழுத்தார். நானும் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். ஆல்வின் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"க்ளெம், காரை எடு."

"ஆட்டம் ஆரம்பிக்கப்போகுதுய்யா! டிக்கெட் வாங்கியாச்சு!"

"எடுன்னா எடு."

ஆற்றுக்கு அந்தப்பக்கம் டுவேனின் அப்பா கூபிச்செக்கின் பண்ணை. அவர் குதிரைவண்டியோடு நகர்ந்தபடி, உள்ளங்கையில் கட்டிய இரும்புக் கொக்கியால் தோகையைக் கிழித்துக் கதிர்களை வண்டியின் உயரப் பலகையில் மோதி உள்ளே விழும்படி எறிந்துகொண்டிருந்தார்.

"இதை நான் ஒடிக்கிறேன். நீ போய் உன் பையனுக்குப் பின்னாடி உக்காரு" என்றார் ஆல்வின்.

"யாருய்யா நீ? கூலி எவ்வளவு கேப்பே?"

"கூலி வேணாம்."

"அப்ப கிறுக்கனா?"

"நானும் என் பையன்கிட்ட அடுத்த வருஷம்னுதான் சொன்னேன்."

நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒருவன் திரும்பி வராத காலம் அது. கூபிச்செக்குக்குப் புரிந்தது. கொக்கியை அவிழ்த்து ஆல்வினிடம் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு என் காரில் ஏறினார்.

ஆட்டம் பாதி தாண்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். அவர் முதுகில் அட்டையைக் குத்தினார்கள், உட்கார்ந்தார். தாண்டினால் புள்ளி என்ற எதிரணிக் கோட்டருகே தன்னந்தனியாக நின்ற டுவேனுக்குப் பந்து பறந்து வந்தது. அவன் அந்த நேரம் பார்த்து ஓரத்தில் அப்பாவைக் கண்டான். பந்து கையில் பட்டுக் கீழே விழுந்தது. மைதானமே "ஐயோ" என்றது. அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியவர்களில் நானும் ஒருவன். தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அப்பாக்களுக்கு விருந்து. கூபிச்செக் மகனோடு அதற்குப் போக, நான் மட்டும் பண்ணைக்குத் திரும்பினேன். இருட்டிக்கொண்டு வந்தது. ஆள் தெரியவில்லை, கதிர் பலகையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"உக்காந்தாரா?" என்றது ஆல்வினின் குரல்.

"உக்காந்தாரு."

"பையன் பார்த்தானா?"

"பார்த்தானாவா! அப்பனைப் பார்த்துக்கிட்டே கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டான், கழுதை. அதனாலதான் தோத்தோம்."

ஆல்வின் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். மகன் செத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் சிரிப்பு நின்றது.

"க்ளெம், அந்த வருஷம் நீ ஆட்டத்துக்குப் போயிருந்தே, இல்ல? லீலண்ட் பார்த்தானா?"

இத்தனை வருடம் என் நாற்காலியில் உட்கார்ந்தும் கேட்காத கேள்வி. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கதிர் ஒடித்துக் கன்றிப்போன அந்தக் கையைப் பார்த்ததும் முடியவில்லை.

"பார்த்தான்யா. வெளிய வந்து உக்காரும்போதெல்லாம் அந்த நாற்காலியைத்தான் பார்த்தான்."

ஆல்வின் தலையாட்டினார். "இன்னும் ஒரு வரிசை இருக்கு" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் போனார்.

எனக்குக் கதிர் ஒடிக்கத் தெரியாது. காரைத் திருப்பி, விளக்கு அவர் வரிசை மேல் விழும்படி நிறுத்தினேன். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. மழை ஒன்றிரண்டு துளியாகக் கண்ணாடியில் விழத் தொடங்கியது. அதற்கப்புறம்தான் கதிர்கள் பலகையில் விழுந்தன, ஒவ்வொன்றாக.