நல்லெண்ணெய் பூசிய கைப்பிடி

வால்நட் மரத்தை அரத்தால் ராவும்போது ஒரு மணம் வரும்... கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு. நேற்று மேசை லாச்சியை இழுத்துத் துப்புரவாக்கும்போது அந்த மணம் திடீரென்று வந்தது. கூடவே நல்லெண்ணெய் மணமும். வேலையை விட்டுவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

அப்போது ஒஸ்லோவில் ஆற்றோரம் இருந்த ஒரு தளபாடப் பட்டறையில் எனக்கு வேலை. உடைந்த கதிரைக்குக் கால் போடுவது, பழைய அலமாரிக்கு வார்னிஷ் அடிப்பது. சனிக்கிழமைகளில் முதலாளி பட்டறைத் திறப்பை என் கையில் தந்துவிட்டு மலைக்குடிலுக்குப் போய்விடுவார். யன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்துகொண்டிருக்கும். வெளியே ஆற்றுச் சத்தம்...

அப்படி ஒரு சனிக்கிழமைதான் சுகன்யா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஐடி வேலை. ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்திருந்தாள். பையிலிருந்து இரண்டு ரப்பர்த் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ரிவால்வரின் கைப்பிடி.

“என் கைக்கு இது ரொம்பப் பெருசுங்க. ட்ரிகர் வரைக்கும் விரல் எட்டவே மாட்டேங்குது. மரத்துல சின்னதா செஞ்சு தருவீங்களா?”

யாழ்ப்பாணத்தில் இருந்து நான் புறப்பட்ட அன்று அம்மா தலையில் கை வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “துவக்கு இருக்கிற பக்கம் போகாதை, ராசா.” பிறகு அம்மாவும் இங்கே வந்து, ஒஸ்லோ ஓரத்து வெஸ்ட்லியில் என்னோடுதான் இருந்தா.

“செய்யலாம்... ஆனால் துவக்கை இஞ்சை கொண்டு வரக்கூடாது” என்றேன்.

“துப்பாக்கியே இல்லாம எப்படிங்க அளவு பார்ப்பீங்க?”

பார்த்தேன். ரப்பர்த் துண்டின் உட்பக்கத்தை மட்டையில் வரைந்து, திருகாணித் துளையைக் குறித்து, அந்த அளவில் ஒரு மரச்சட்டம் வெட்டினேன். அடுத்த கிழமை வீட்டிலிருந்து கோதுமை மா கொண்டுவந்து இறுக்கிக் குழைத்து, சட்டத்தைச் சுற்றி அப்பி, “பிடியுங்கோ” என்றேன். பிடித்தாள். விட்டாள்.

நான் அவளுடைய கையைத் தொடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு விரலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது.

அந்த மாக் கையை வீட்டு யன்னலில் காய வைத்தேன். அம்மா கண்டுவிட்டா.

“ஆரின்ரை கையடா இது?”

“ஒரு... வாடிக்கையாளர் அம்மா.”

திருப்பித் திருப்பிப் பார்த்தா. “சின்னக் கையா இருக்கு. பிள்ளை வடிவாச் சாப்பிடுறேல்லையோ?”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள்தான்! நான் ராவிக் கொடுப்பேன். அவள் கிளப்புக்குக் கொண்டுபோய்ப் பூட்டிச் சுட்டுப் பார்த்து, இடிக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருவாள். மூன்றாம் கிழமை ஒரு கோடும் இல்லை. அச்சாவாகப் பொருந்திவிட்டது.

ஆனால் முடிந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை அவள் ஏன் வரப்போகிறாள்?

“பெருவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கவேணும்” என்பேன். அரத்தைப் பிடித்துக் காற்றை ராவுவேன். இப்படியே நாலு கிழமை...

கடைசியில் அவளே சொன்னாள். “நாளைக்கு டீம் செலக்‌ஷன்ங்க. ஒரே ஒரு இடம்தான். காலைல ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கறேன், முடிச்சிடுங்க.”

சாண்ட் பேப்பர் போட்டு, நனைத்து, எழும்பிய நாரை மறுபடி தேய்த்து, கன்னம் மாதிரி வழவழப்பாக்கினேன். எண்ணெய் பூசப் போனால் ஆளிவிதை எண்ணெய் டின் காலி. கடைகளும் பூட்டு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தன் இடியப்ப உரலுக்கு நல்லெண்ணெய்தானே பூசுகிறா, அந்த மரத்தில் வெடிப்பே விழவில்லையே என்று நினைத்து, அதையே தாராளமாகப் பூசிவிட்டேன்.

ஸ்டேஷனில் வாங்கி மோந்து பார்த்தாள். “என்னங்க, இட்லிப் பொடி வாசனை வருது?”

சிரித்துக்கொண்டே ரெயினில் ஏறினாள்.

நல்லெண்ணெய் மரத்தில் காயாது. அது எனக்கு அப்போது தெரியாது. கையின் சூட்டில் கசிந்து, வழுக்கி, குறி எங்கேயோ போய்... அந்த ஒரு இடம் இன்னொருத்திக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். மரத்துண்டுகள் இரண்டையும் மேசையில் வைத்தாள். “கையிலேயே நிக்கலைங்க.” குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“பிழை என்ரைதான்” என்றேன். “எண்ணெய் மட்டுமில்லை. இது மூண்டாம் கிழமையே சரியா வந்திட்டுது. நீங்கள் வரவேணும் எண்டுதான் இழுத்தனான். அப்பவே முடிச்சுக் காய விட்டிருந்தால் உங்கடை இடம் போயிருக்காது.”

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து மேசையில் கிடந்த மரத்தூளைக் கூட்டத் தொடங்கினேன்.

நிமிர்ந்தபோது அவள் வலது சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாவு இருக்குங்களா? முதல்லேர்ந்து பண்ணுங்க.”

இரண்டாவது சோடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, பொறுமையாகக் காய வைத்தேன். அடுத்த முறை இடம் கிடைத்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடம் சுட்டாள். ரிவால்வர் கிளப்பிலேயே பூட்டில் கிடந்தது. அவள் ஜிம்முக்குப் போகிறாள் என்றுதான் அம்மா நினைத்தா. இன்றும் அவளுக்கு ஒரு கரண்டி சோறு கூடத்தான் வைக்கிறா. நீங்கள் யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!

பிள்ளைகள் வந்ததும் ரிவால்வரை விற்றுவிட்டோம். அந்தப் பட்டறை இப்போது காப்பிக் கடை. கையை ஸ்கேன் பண்ணினால் மெஷினே கைப்பிடியைச் செதுக்கித் தருகிறதாம். பிழையே வராதாம். இந்தக் காலத்து இளசுகள் பாவங்கள்.

நேற்று லாச்சியில் கிடைத்தது அந்த முதல் சோடி. சுகன்யாவிடம் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தாள். கை கொஞ்சம் பருத்துவிட்டது, விரல்கள் பழைய பள்ளங்களில் உட்காரவில்லை.

“திரும்ப ஒருக்கால் அளவெடுக்கட்டோ?” என்று கேட்டேன்.

ஒரே வீட்டில் இருக்கிறவள், யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“சனிக்கிழமை வரேங்க.”