எக்ஸ்ரேயில் தெரியாத சவ்வு

கண்டாவளையில் அறுவடை. நெல் மூட்டையோடு வரம்பில் சறுக்கினேன். பாதம் சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் ஏதோ வெடித்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை.

"நடக்கேக்கை கால் விட்டுப்போகுது அண்ணை" என்றேன்.

"எலும்பு நல்லாத்தானே கிடக்கு. இவன் வேலைக்கள்ளன்" என்று வயலில் எல்லாருக்கும் முன்னால் அண்ணன் சொன்னார். சிரித்தார்கள். ரோசத்தில் மறுபடி மூட்டை தூக்கினேன். கால் மடிந்து விழுந்தேன்.

திரும்ப ஆஸ்பத்திரி. டொக்டர் அம்மா முழங்காலை மடக்கிவைத்து, கீழ்க்காலை முன்னுக்கு இழுத்தார். இழுத்துத் திறக்கிற மேசை லாச்சி போல வழுக்கி வந்தது.

"எலும்புகளைப் பிடிச்சு வைச்சிருக்கிற சவ்வு அறுந்திட்டுது. அது எக்ஸ்ரேயிலை தெரியாது."

வெளியே வந்ததும் அண்ணன், "எனக்கென்ன தெரியும் தம்பி? படம் அப்பிடித்தானே காட்டினது" என்றார்.

படம் காட்டாததை நான் சொல்லியிருந்தேன். கூடப் பிறந்தவன் சொன்னது அவருக்குப் போதவில்லை.

படியில் தோளைக் கொடுத்தார். நான் சுவரைப் பிடித்து இறங்கினேன்.