அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வரவில்லை

மாக்சின் ரிக்பியின் வக்கீல் அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும் போலிருந்தது. "அந்தப் பக்கத்திலேர்ந்து இன்னும் வரலைங்க." செப்டம்பரில் அதைச் சொன்னாள், அக்டோபரில் சொன்னாள், நவம்பர் பாதி தாண்டிய பிறகும் குரலில் கொஞ்சமும் அலுப்புத் தட்டாமல் அதையே சொன்னாள். அந்தப் பக்கம் என்றால் வீட்டை விற்கிறவரின் வக்கீல். அவர் ஒன்றும் லண்டனில் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே டார்வென் என்ற இந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில், மாக்சினின் வக்கீலுக்கு நேர் எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில்தான் இருந்தார். இங்கே ஜன்னலைத் திறந்துவைத்துத் தும்மினால் அங்கே கேட்கும். இருந்தும் இரண்டு பேரும் கடிதம் எழுதித்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் ஆற அமரப் போய்ச் சேரும் இரண்டாம் வகுப்புத் தபாலில்.

மாக்சினுக்கு வயது ஐம்பத்துநாலு. ஆரம்பப் பள்ளி ஒன்றின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை. பதினெட்டு வயதில் அம்மா வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து ஏழு வாடகை வீடு பார்த்தாயிற்று. நடுவில் ஒரு கல்யாணம் வந்தது, போனது, அதுவும் வாடகை வீட்டில்தான். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் வீட்டை விற்பார், இவள் பெட்டி கட்டுவாள். கடைசி இரண்டு வீடுகளில் சில பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. எப்படியும் திரும்பக் கட்டத்தானே போகிறோம் என்று ஒரு அலுப்பு.

இந்த வருடம்தான் முதல்முறையாக வங்கி அவளை மனுஷியாக மதித்து, வீட்டுக்குக் கடன் தருகிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தது. கடிதம் செல்லுபடியாகும் கடைசி நாள் நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. டிசம்பர் இரண்டாம் தேதி அவளுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்தக் கடன் கிடையாது என்று வங்கிக்காரர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். ஆக அந்த வெள்ளிக்கிழமை போனால் கடன் போச்சு, கடன் போனால் வீடும் போச்சு, இந்த ஜென்மத்தில் இன்னொன்று வரப்போவதில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமை மத்தியானம் கேரட் நறுக்கிக்கொண்டே இதைப் பவுலாவிடம் சொன்னாள். பவுலா அவளோடு அதே சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள், நாக்கில் வெண்ணெய் தடவாதவள்.

"நேரா போய் அந்த ஆளோட கதவைத் தட்டு."

"அப்படியெல்லாம் போகக்கூடாதாம். எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாத்தான்னு தரகர் சொல்லியிருக்காரு."

"தரகர் சொன்னா? வீட்டுல இருக்கப்போறது நீயா, அவரா?"

"நாகரிகம் தெரியாதவன்னு நெனைப்பாங்க பவுலா."

"ஆமா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு தெருவுல நின்னா ரொம்ப நாகரிகமா இருக்கும்."

மாக்சின் அன்று போகவில்லை. பழக்கம் விடவில்லை. இந்த ஊர்க்காரர்களை அடித்தாலும் அடி வாங்குவார்கள், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னால் மட்டும் உயிர் போய்விடும். செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும்தான், மழையில், ஒரு தகர டப்பாவில் தன் கையால் செய்த இஞ்சி கேக்கை எடுத்துக்கொண்டு போனாள். வெறுங்கையோடு போவதாவது.

கதவைத் திறந்தவர் வில்ஃப்ரெட் ஆர்மராட். எண்பதை நெருங்குகிறவர், மனைவி போய் நாலு வருடம். மாக்சின் வீட்டைப் பார்க்க வந்த இரண்டு முறையும் அவர் மரியாதை கருதி வெளியே போய்விட்டதால், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"நான் மாக்சின். உங்க வீட்டை வாங்கறவ. மூணு மாசமா வாங்கிக்கிட்டே இருக்கறவ."

அவர் முகம் செத்துவிட்டது. "வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

"ஐயோ, இல்லங்க. நீங்கதான் மனசு மாறிட்டீங்களோன்னு வந்தேன்."

"நானா? மாறவே இல்ல. முழங்கால் போயிடுச்சு கண்ணு, இந்த மாடிப்படி ஏற முடியல. லித்தம்ல மக வீட்டுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு ஃபிளாட் தயாரா இருக்கு. நீங்கதான் யோசிக்கறீங்கன்னு நெனச்சேன்."

அவளை உட்காரவைத்து டீ போட்டார். கேக்கை வெட்டினார். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், அது இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. அப்புறம் மாக்சின் வாய் திறந்து கேட்டேவிட்டாள். எந்தக் காகிதம்தான் நிற்கிறது?

வில்ஃப்ரெட் காது சிவந்து எழுந்து போய், அலமாரி மேல் கடிகாரத்துக்கு அடியில் இருந்து ஒரு கனத்த உறையை எடுத்து வந்தார். கிரயப் பத்திரம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வக்கீல் ஒட்டிய மஞ்சள் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. உறையில் தேதி அக்டோபர் இருபது.

"இது அஞ்சு வாரமா இங்கயா இருக்கு?"

"சாட்சி வேணுமாம். அவங்க கண்ணு முன்னாடி நான் கையெழுத்துப் போடணுமாம். சொந்தக்காரங்க கூடாதாம், அதனால மக போட முடியாது."

"வக்கீல்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க போன் பண்ணினாங்க. ஆகிக்கிட்டிருக்குன்னு சொன்னேன். இதுக்கெல்லாம் போயி அவங்களைத் தொந்தரவு பண்றதா?"

"சரி, நான் வாங்கறவ, நான் சாட்சி போட முடியாது. பக்கத்து வீட்டுல கேக்கலாமே?"

வில்ஃப்ரெட் சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ப்ரையன்கிட்ட நான் பேசறதில்ல."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா. பின்னாடி இருக்கற பொதுச் சுவர்ல பச்சைப் பெயிண்ட் அடிச்சுட்டான்."

"உங்க பக்கத்துலயா?"

"இல்ல, அவன் பக்கத்துலதான். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?"

மாக்சினுக்கு வந்த கோபத்தில் கேக் டப்பாவை எடுத்து அந்தப் பொதுச் சுவரிலேயே அடிக்கலாம் போலிருந்தது. ஒரு ஆள், ஒரு பேனா, அரை நிமிஷம். அதற்காக அவளுடைய வீடு ஐந்து வாரமாகக் கடிகாரத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஆனால் எதிரே டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி தலைகுனிந்து நிற்கிறவரை எப்படித் திட்டுவது? மேலும், மூன்று மாதமாக இந்தக் கதவைத் தட்டாமல் இருந்தவள் யார்? அவருக்கு இருந்த அதே வியாதிதான் அவளுக்கும். அதை நினைத்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். செருப்போடு வந்து கதவைத் திறந்த ப்ரையன் டக்வொர்த்துக்கு அறுபத்தைந்து இருக்கும். விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வில்ஃப் கேக்கச் சொன்னாரா?"

"ஆமா," என்றாள் மாக்சின். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க." உள்ளே போய்ச் சட்டை மாற்றி, ஷூ போட்டு, மூக்குக் கண்ணாடியோடு வந்தான்.

சமையலறையில் இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள்.

"வில்ஃப்."

"ப்ரையன்."

அதோடு பதினோரு வருடக் கணக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது. வில்ஃப்ரெட் மஞ்சள் தாள் இருந்த இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ப்ரையன் அதற்குக் கீழே தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான்.

"தொழில்னு ஒண்ணு கேட்டிருக்கு. என்ன போட?"

"பெயிண்டர்னு போட்டுடாத," என்றார் வில்ஃப்ரெட்.

ப்ரையன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தான். வில்ஃப்ரெட்டும் தோள் குலுங்கச் சிரித்தார். மாக்சின் மட்டும் சிரிக்கவில்லை, அவள் பார்வை முழுக்க மை காய்கிறதா என்பதில் இருந்தது.

காய்ந்ததும் வில்ஃப்ரெட் இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார்.

"என்ன தேடறீங்க?"

"இரண்டாம் வகுப்பு ஸ்டாம்ப் ஒண்ணு இருந்துச்சு."

மாக்சின் உறையை அவர் கையிலிருந்து வாங்கிக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். "நானே கொண்டுபோறேன்," என்று சொல்லும்போதே வாசலில் இருந்தாள். கடைத்தெருவரைக்கும் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய், பேக்கரிக்குப் பக்கத்துப் படியேறி, ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அதை மேஜைமேல் வைத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டும் எழுதி வாங்கினாள். அப்புறம் தெருவைக் கடந்து தன் வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள். போன் எடுக்கும் பெண்ணை அன்றுதான் நேரில் பார்த்தாள்.

"அந்தப் பக்கத்திலேர்ந்து வந்துடுச்சு," என்றாள் மாக்சின்.

அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் மீன் நாள். பன்னிரண்டே கால் மணிக்கு, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பட்டாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "முடிஞ்சுதுங்க. வீடு உங்களுது," என்றது அதே குரல். மாக்சின் "சரிங்க, நன்றி," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டில் பட்டாணியைப் போட்டாள். அதற்கடுத்த கரண்டி தட்டைத் தாண்டிப் போய்ப் பட்டாணி எல்லாம் தரையில் உருண்டது. பவுலா கரண்டியை வாங்கிக்கொண்டாள். மாக்சின் சாமான் அறைக்குள் போய், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்தாறு வருடத்து அலுப்பு மொத்தமும் கரைந்து போகிற அழுகை. அப்படி அழுவதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

தரகரிடம் சாவி வாங்கிக்கொண்டு இரண்டரை மணிக்குப் போனபோது, வீட்டு வாசலில் வில்ஃப்ரெட் குடையோடு நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது விதி, கொடுத்துவிட்டார். சாமானையெல்லாம் ப்ரையன் தன் வேனில் ஏற்றிக்கொண்டு லித்தம் போயிருந்தான். அழைத்துப் போக வர வேண்டிய மகள் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த வீட்டின் வாசலில், இரண்டரை மணி நேரமாக அந்த மனிதர் மழையில் நின்றிருக்கிறார்.

மாக்சின் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். முதல் திருப்பிலேயே திறந்தது. அவள் உள்ளே கால் வைக்கப்போகையில் பின்னாலிருந்து ஒரு கனைப்பு. வில்ஃப்ரெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வந்து பாத்ரூம் போய்க்கலாமா?"

இது உங்க வீடுதானே, என்னைக் கேட்கணுமா என்று சொல்லத்தான் மாக்சின் வாயைத் திறந்தாள். அது உண்மை இல்லையே.

"தாராளமா வாங்க," என்றாள். கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். "மாடி ஏறினதும் இடது பக்கம்."

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு வில்ஃப்ரெட் ஷூவை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.