வீடுகளுக்குப் போக மிச்சம்

அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த நாட்களில், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நாங்கள் வைத்திருந்த தேனீப்பெட்டிகளை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ரப்பர் தளிர்விடும் மாதங்களில் எடுக்கும் தேனை ஒரே வியாபாரி டின் டின்னாக ஜீப்பில் ஏற்றிப் போவார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மாவின் தேனுக்கு ஈடே கிடையாது என்று புகழ்ந்துகொண்டே என் கையில் மிட்டாயைத் திணிப்பார்.

பிடிக்காதவர் அடுத்த தெரு நர்ஸம்மா. எப்போதாவது ஒரு குப்பி வாங்குவார்; வாங்கும்போதெல்லாம் ஒரு குறையும் கொண்டுவருவார்.

ஒரு வருடம், டின்களை ஏற்றி முடித்தபின் வியாபாரி சிரித்த முகத்தோடு சொன்னார்: "தங்கச்சி, இனி வீடுகளுக்கு ஒரு குப்பிகூடக் குடுக்கப்பிடாது, கேட்டியா? எல்லாம் எனக்குத்தான். இல்லேன்னா நான் வரமாட்டேன்."

"எனக்க தேன ஆருக்குக் குடுக்கணும்னு நீங்க சொல்லாண்டாம் அண்ணாச்சி. டின்ன எறக்கச் சொல்லுங்க."

கூலியாட்கள் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஜீப்பில் ஏறி டின்களை இழுக்கத் தொடங்கினாள். நான் அழுதேன், தேனுக்காக அல்ல, மிட்டாய்க்காக.

போனில் அப்பா பதறினார். "அவர பகைச்சிட்டு இவ்வளவையும் நீ என்ன செய்வா?"

"விப்பேன்," என்று மட்டும் சொன்னாள் அம்மா.

நடக்க இடமில்லாமல் வீடு முழுக்க டின்கள். மறுநாளே நர்ஸம்மா வந்துவிட்டார்.

"ஏட்டி, போன குப்பியில எறும்பு கெடந்துது. நீ தேன் விக்கியா, எறும்பு விக்கியா?"

அம்மா சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டு, சாயா கொடுத்து, வேறு குப்பியும் கொடுத்தாள். டின்களைப் பார்த்த நர்ஸம்மா நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் பின்னால் ஒரு கூட்டமே குப்பிகளோடு வந்தது. ஒருத்திக்குத் தேன் கறுப்பு, இன்னொருத்திக்குத் தண்ணி. சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். பிறகு மறுபடியும் வந்தார்கள்.

அடுத்த வருடம் ஜீப்பும் வந்தது. வீடுகளுக்குப் போக மிச்சமிருந்ததை மட்டும் அம்மா அவருக்கு விற்றாள். அவர் முற்றத்தில் நின்றபடியே புகழ்ந்துகொண்டிருந்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸம்மா குறை சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மாவுக்கு நல்ல ஆள் யாரென்று தெரியவில்லையே என்று, மிட்டாயைச் சப்பியபடி, நான் வருத்தப்பட்டேன்.