தேவசகாயம் அண்ணாச்சி ஊதிப் பார்த்த பேரல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பெயிண்ட்பால் அணியில் ஆடும் கனி தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், எங்க இருக்கீய?" என்றாள். சொன்னேன். "நம்ம அண்ணாச்சி போயிட்டாவ" என்றாள். இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் வேலை செய்யும் பேண்டேஜ் கம்பெனியின் தறிச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. இந்தப் பக்கம் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். என் வண்டி வந்து, நின்று, போய்விட்டது.

இறந்தவரைக் குறையில்லாதவராக்கிப் பேசும் கூட்டங்களில் நான் பின்வரிசையில் உட்காருகிறவள். தேவசகாயம் அண்ணாச்சி குறையில்லாதவர் அல்லர். கோபக்காரர். தான் செய்ததைத் தானே மெச்சிக்கொள்வார். நூற்பாலை ஒன்றில் பராமரிப்பு மேலாளராக இருந்தவர், அறுபது வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, வத்திராயிருப்பு சாலையில் என் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பெயிண்ட்பால் மைதானம் தொடங்கினார். என் மரங்களை என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் முதலில் நான் அங்கே போனேன். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சாய்ந்து கிடந்த டயர்களுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே முகக்கவசம் போட்டுக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்தத் துப்பாக்கிக்கெல்லாம் அனுமதி இருக்கா?" என்று கேட்டேன். "துப்பாக்கின்னு சொல்லாதீய டீச்சர், மார்க்கர்னு சொல்லுங்க. ரோட்டுல போற போலீஸ்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை" என்றார். அனுமதிக் காகிதத்தையும் கையோடு எடுத்துக் காட்டினார்.

மைதானத்துக்கு வராமலே அவரை அறிந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய, மெல்லிய ஜெலட்டின் தோலுக்குள் சாயம் நிரப்பிய குண்டு. மார்க்கரிலிருந்து வரும் காற்று அதைப் பேரல் என்கிற முன்குழாய் வழியாகத் தள்ளுகிறது. எல்லாக் குண்டும் ஒரே அளவு என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் அடைமழையில் அது ஊதிப் பெருத்துவிடும். சித்திரை வெயிலில் சுருங்கும். அதனால் பேரலின் உள்விட்டத்தை அன்றன்றைய குண்டுக்குப் பொருத்தித்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். துளை பெரிதாக இருந்தால் காற்று குண்டைச் சுற்றிக் கசியும்; ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது சோம்பலாகவும் போகும். சிறிதாக இருந்தால் குண்டு உள்ளேயே உடையும். அண்ணாச்சியிடம் பேரலுக்குள் செருகும் குழாய்கள் பல அளவுகளில் இருந்தன. ஒன்றைக் கழற்றி எடுத்து, அதன் வாயில் குண்டை வைப்பார். தானாக உருண்டு விழுந்தால் அது பெரிது. நின்று, ஒரு மெல்லிய ஊதலில் போனால் அதுதான் சரி. ஊதியும் நகராவிட்டால் சிறிது.

இந்த முறை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கல்லூரியிலிருந்து விட்டம் அளக்கும் வெர்னியர் அளவுகோலைக் கொண்டுபோனேன். ஒரே குண்டு ஒரு பக்கம் ஓர் அளவு, திருப்பினால் வேறு அளவு காட்டியது. கொஞ்சம் அழுத்தினால் மூன்றாவது ஓர் அளவு. "ஊதிப் பார்ப்பது மோசமான முறை இல்லை. ஆனால் ஒரே குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்" என்றேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து புதிதாக வருகிறவர்களிடம், "ஒத்தக் குண்டு சொல்லுதத நம்பாதீய, ஒரு கை குண்டு சொல்லட்டும்" என்று தன் கண்டுபிடிப்பைப்போலவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

ஒரு முறை மதுரையிலிருந்து வந்த ஓர் இளைஞர், இருப்பதிலேயே சின்னக் குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். இறுக்கமாக இருந்தால் தூரம் போகும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். நாலாவது குண்டே உள்ளே உடைந்து, பேரலின் வாய் வழியாக மஞ்சள் சாயம் வழிந்தது. "ஏலே, எதிராளிமேல அடிக்கச் சொன்னா மார்க்கருக்கா மஞ்சத் தண்ணி ஊத்துத?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கனி தன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பேண்டேஜ் துணியால் பேரலைத் துடைத்துக்கொடுத்தவர் அவரேதான். அதே இளைஞர் பிறகு வேறு குழாய் மாற்றிக்கொண்டு வேகத்தை அளக்காமல் களத்துக்குள் இறங்கியபோது அண்ணாச்சி சிரிக்கவில்லை. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். குழாய் மாறினால் வேகம் மாறும். வேகம் கூடினால் விளையாட்டு காயமாகிவிடும். "அந்தப் பக்கம் நிக்கிறதும் ஒரு வீட்டுப் பிள்ளதாம்லே" என்றார். வேகமானியில் அளந்து, காற்றைக் குறைத்து வைத்த பிறகுதான் விட்டார்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மழைக்காலம் முடிந்தும் அவர் பெரிய குழாய்களையே எடுத்துக்கொண்டிருந்தார். வாரம் போகப்போக இன்னும் பெரியதாக. குண்டுகள் ஊதிப் பெருத்திருக்கின்றன என்றார். விற்பனைக்காரரைத் தொலைபேசியில் ஏசினார்; அவர் வேறு பெட்டிகள் அனுப்பினார்; அவையும் ஊதியிருப்பதாகச் சொல்லித் திரும்பவும் ஏசினார். மைதானத்திலேயே குறி தப்பாதவள் என்று பெயரெடுத்த கனியின் குண்டுகள் இலக்குக்கு முன்னால் விழத் தொடங்கின. நான் ஈரப்பதம் என்று நினைத்தேன். குண்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியின் தகரக் கூரையைச் சந்தேகித்தேன். குண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் மூடிய டப்பாவில் வைத்தும் பார்த்தேன்.

அதைக் கண்டுபிடித்தது கனி. கண்டுபிடிக்கவேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. அவர் 'சிறிது' என்று ஒதுக்கி வைத்த குழாய் ஒன்றில் குண்டை வைத்து விளையாட்டாக ஊதினாள். குண்டு சுகமாக வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ஏட்டி, இன்னொரு தடவ ஊது" என்றார் அண்ணாச்சி.

ஊதினாள். போனது. ஒரு கை குண்டை அள்ளிக் கொடுத்தார். எல்லாமே போயின. பிறகு அவர் வாங்கி ஊதினார். குண்டு அசையவில்லை. மறுபடியும் ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் இருவரும் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குண்டு ஊதிப் பெருத்திருக்கவில்லை. அவருடைய மூச்சுதான் குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

"அந்த விற்பனக்காரப் பயல சும்மா சும்மா வஞ்சிட்டேனே டீச்சர்" என்றார். அப்போதே தொலைபேசியை எடுத்து அந்த மனிதரிடம், தப்பு தன்பேரில்தான் என்று சொன்னார். மருத்துவரிடம் போனது அதற்குப் பிறகுதான்.

மதுரையில் பார்த்தார்கள். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, திரும்பாது என்றார்கள். பஞ்சுத் தூசியா, இளவயதில் குடித்த சிகரெட்டா, வேறு எதுவுமா என்று மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேன்.

பேரல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் கனியிடம் கொடுத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் விருதுநகர் அணியோடு ஆட்டம் இருந்த அன்று, ஆக்சிஜன் கருவியோடு காரில் வந்து இறங்கி, "குழாயெல்லாம் இங்க கொண்டாங்க" என்றார். அவருடைய மனைவி எஸ்தர் அக்கா என்னையும் கனியையும் காருக்குப் பின்னால் கூப்பிட்டார். "அவிய எத எடுத்தாலும் சரின்னு சொல்லிருங்க. நேத்துலருந்து இதே நெனப்பா இருக்காவ. ஒரு ஆட்டந்தான, தோத்தா என்ன?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். துளை பெரிதாக இருந்தால் யாருக்கும் அடிபடாது; தோற்போம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

அவர் ஊதி, ஊதி, கடைசியில் பெரிய குழாய் ஒன்றை நீட்டினார். "சரியா இருக்கு அண்ணாச்சி" என்றாள் கனி, அவர் முகத்தைப் பார்க்காமல். மாட்டினாள். வேகமானிக்கு முன்னால் நின்று சுட்டாள். எண் மேலே ஏறியது, அடுத்த குண்டுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் நாற்காலியிலிருந்தே அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லிக்குடுத்தா? இவளா?" என்று மனைவியைப் பார்த்தார். எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "டீச்சர், நீங்களுமா?"

"ஆமாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்காவத் தோக்காதீயட்டி" என்றார் கனியிடம். "எம் மூச்சு கொறஞ்சிருக்கு. புத்தி கொறயல. நீ ஊது."

கனி ஊதினாள். இரண்டு அளவு சிறிய குழாய் வந்தது. அழுதுகொண்டே ஊதியதால் அவளாலும் முதலில் முடியவில்லை. "மொதல்ல மூக்கச் சிந்து, பொறவு ஊது" என்றார். வேகத்தை அளந்து, காற்றைக் குறைத்த பிறகு, எண்கள் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. அன்று நாங்கள் தோற்றோம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். விருதுநகர்க்காரர்கள் நன்றாகவே ஆடினார்கள். காரில் ஏறும்போது, "இது நெசமான தோல்வி. இதுல வெக்கமில்ல" என்று எஸ்தர் அக்காவிடம் சொன்னார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இராஜபாளையத்தில் அவர் வீட்டில். வந்திருந்த உறவினர்கள் முகம் தெளிந்திருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது, அடுத்த மாதம் தோப்புக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போனதும் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டீச்சர். எப்படி இருக்கேன்?"

ஆறுதல் சொல்லத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி என் வீட்டிலேயே சொல்வார்கள். சாவுவீடுகளிலும் நோயாளியின் கட்டிலருகிலும் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். "எனக்கு வைத்தியம் தெரியாது அண்ணாச்சி. போன வாரம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொன்னீர்கள். இன்றைக்கு நடுவில் நிறுத்துகிறீர்கள்" என்றேன்.

தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். பிறகு எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டு, பாளையங்கோட்டையில் இருக்கும் மகளை இன்றைக்கே வரச்சொல்லும்படி சொன்னார். மகள் அன்று மாலையே வந்துவிட்டார். அவர்களுக்கு நாலு நாட்கள் கிடைத்தன. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெண் என் அருகில் வந்து நின்று, "அப்பாவ விட்டு நான் நகரவே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கேட்டால் உண்மையைச் சொல்லலாம். கேட்டவர் அதைத் தாங்கிக்கொள்வார். அதை வைத்துச் செய்யவேண்டியதைச் செய்வார். இத்தனை வருடம் இயற்பியல் நடத்தியும் எனக்கு மனிதர்கள்மேல் இல்லாதிருந்த நம்பிக்கை இது. தேவசகாயம் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இப்போதெல்லாம் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தால், முன்போல் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்; கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன்.