கொட்டுமேடை

சாக்கின் வாயை அவிழ்த்து ஏலக்காயைச் சிமெண்டு மேடையில் கொட்டும் சத்தம் முதலில் மூக்குக்குத்தான் கேட்கும். காதுக்கு அப்புறம். சரசரவென்று காய்ந்த ஓசை. அதற்குள் தொண்டைவரை இறங்கிவிட்டிருக்கும் வாசனை. இப்போதும் யாராவது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் எனக்கு அந்த மாணவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. பாயசம் கசந்துபோகிறது.

கம்பம் ஊரில் ஏலக்காய் முதலாளி ஒருவரின் கிட்டங்கி, சரக்குக் கிடங்கு அது. அவருடைய அப்பா காலத்தில் கட்டியது. காகிதத்தை விசிறியாக மடித்த மாதிரி கான்கிரீட் கூரை. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேற்குச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாகச் சிமெண்டுக் கட்டங்கள். குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காற்று அவற்றில் நுழைந்து, சுவரடி மேடையில் சொளகோடு உட்கார்ந்திருக்கும் பெண்களின் மடியிலிருந்து காம்பையும் தூசியையும் ஊதிக்கொண்டு போகும். மூட்டையைக் கொட்டுகிற மேடை, அதனால் கொட்டுமேடை. என் மதினி, அண்ணன் மனைவி, கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான் காய் தரம் பிரிக்கிறார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. மூடிய அறையில் அந்தத் தூசி அவருக்கு ஆகாது. காற்றுதான் அவரை வேலையில் வைத்திருந்தது.

முதலாளிக்குக் கட்டடத்தை இடிக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் மனசில்லை. அந்த நேரம் பார்த்து நகரத்துக் கல்லூரியிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வேனில் வந்திறங்கினார்கள். நவீன பாரம்பரியமாம். கலாச்சார மையமாக மாற்றி வரைவார்களாம். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. முதலாளி மேடையைக் கழுவி வைத்திருந்தார். வந்தவர்கள் கோயில் யானையைத் தொடுவதுபோல் கான்கிரீட்டைத் தொட்டுத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ட்ரோன் பறக்கவிட்டார்கள், எதிர்வீட்டுக் கோழிகள்தான் அதற்கு உரிய மரியாதை செய்தன, ஓடி ஒளிந்தன. கிட்டங்கி என்றால் மூட்டை தூங்கும் இடம் என்பதற்குமேல் ஒருவருக்கும் கேள்வி எழவில்லை.

கதவு திறந்துவிட என்னோடு வந்திருந்த மதினியிடம் அவர்களில் ஒரு பெண், பேச்சைப் பதிவுசெய்யக் கைபேசியை நீட்டினாள்.

"இதுக்கு ஏன்க்கா கொட்டுமேடைன்னு பேரு? இங்க கொட்டுவீங்களா?"

"பெறகு? காலையில ஆரம்பிச்சா பொழுது சாயிற வரைக்கும் கொட்டுதான்."

"தனியாவா, சேர்ந்தா?"

"ஒத்தையில எங்கிட்டுக் கொட்ட? தூக்குறதுக்கே ரெண்டு ஆளு வேணும்."

அந்தப் பெண்ணின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆனது. எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் அதே கூடத்தில் வெள்ளை அட்டையில் செய்த கட்டட மாதிரியோடு வந்தார்கள். முதலாளி முன்வரிசையில், நானும் மதினியும் பின்னால். அட்டை மேடைமேல் விரல்நுனி உயரத்தில் அட்டை மனிதர்கள், ஒவ்வொருவன் கழுத்திலும் ஒரு மேளம்.

"மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல, செண்டை மேளம் அடிக்கிறதுக்குக் கொட்டுன்னு பேரு," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு பேர் தூக்குற பெரிய மேளங்கள் இங்கே பகல் முழுக்க ஒலிச்சிருக்கு. அந்தத் தாளத்தை மீட்கறோம். சத்தம் சிதறாம இருக்க மேற்குச் சுவருக்குக் கண்ணாடி, உள்ளே ஏசி."

மதினி என் காதில், "ஏங்க கொழுந்தனாரே, இங்கன எவன் மேளம் அடிச்சான்? நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தியா?" என்றார்.

நான் எழுந்தேன். "இங்கே கொட்டுறது மேளம் இல்லம்மா, ஏலக்காய். சாக்குல இருந்து. அந்தச் சுவரை அடைச்சா காய் பார்க்கிறவங்க மூச்சுவிட முடியாது."

வெட்கப்படுவார்கள் என்று நினைத்த என் அப்பாவித்தனத்தை என்ன சொல்ல! அவர்களுடைய பேராசிரியர் கைதட்டினார்.

"பிரமாதம்! தாளத்துக்கும் தானியத்துக்கும் ஒரே சொல்! இதையும் டிசைன்ல சேர்த்துக்கலாம். இவங்க வேலை செய்யறதைப் படம் எடுத்து அந்தக் கண்ணாடியிலயே ஓடவிடலாம்."

ஏலக்காய் தானியமாம். பிள்ளைகள் அதையும் குறித்துக்கொண்டார்கள். தப்பைச் சுட்டினால் அதற்கும் ஒரு மாலை போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிற படிப்பு! முட்டாள்தனம்கூட வெயிலில் கிடந்தால் காய்ந்து உதிரும். இது ஏசியில் வளர்ந்தது.

முதலாளி தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். மதினி நேராக அவரிடம் போனார்.

"அப்ப நாங்க எங்கன உக்காருறது, மொதலாளி?"

"பைபாஸ்ல தகர ஷெட்டு போட்டாச்சும்மா. ஃபேன் மாட்டித் தாரேன்."

"ஃபேன் போட்டா தூசி வெளியவா போகும்? மூஞ்சிக்கே திரும்பி வரும்ல."

அவர் மறுபடி அட்டை மேளக்காரர்களைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஓடிவந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஒட்டிய மணத்தை முகர்ந்து, "வாவ்" என்றாள். "திறப்பு விழாவுக்குக் கண்டிப்பா வரணும்க்கா. நீங்க இல்லாம எப்படி?"

மதினி கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"வாரேன் ஆத்தா. வரும்போது ஒரு மூட காயும் கொண்டாரேன். எங்கன கொட்டணும்னு மட்டும் சொல்லு."