மாமா போட்ட கரை

தைலமரத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சளி பிடித்தால்கூடத் தைலம் தடவ மாட்டேன். மருந்து என்ன பாவம் செய்தது என்று வீட்டில் கேட்டுச் சிரிப்பார்கள். மருந்து எந்தப் பாவமும் செய்யவில்லை, மரமும் செய்யவில்லை. செய்தவர் என் தாய்மாமா. அவரை நினைக்காமல் அந்த வாசனையை முகர எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் நடுவே, சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கே மேட்டில் அரசாங்கக் காடு. காடு என்றதும் புலி சிங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். காரையும் சூரையும் ஆவாரையும் மண்டிக் கிடக்கும் செம்மண் மேடு. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போவோம். அந்த மேட்டில் பெய்கிற மழைதான் வரத்துக்கால்களில் இறங்கி எங்கள் கண்மாய்க்கு வர வேண்டும். கண்மாய் நிறைந்தால் அப்பாவின் வயல் விளையும். நிறையாவிட்டால் அந்த வருஷம் கடையில் வாங்குகிற அரிசிதான், அதுவும் அளந்துதான்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, காட்டைத் திருத்தித் தைலமரக் கன்று வைப்பதற்குக் காட்டு இலாகா டெண்டர் விட்டது. புல்டோசரை வைத்து முள்ளையும் தூரையும் பிடுங்க வேண்டும், ஆழ உழ வேண்டும், கன்றுக்கு ஈரம் நிற்க மண்கரை போட வேண்டும். வேலையை எடுத்தவர் அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. அதுவரை புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாகக் காண்ட்ராக்டர் ஆகி வந்து நின்றார். வாடகைக்குப் பிடித்த புல்டோசர் பெரிய லாரியில் ஏறி ஊருக்குள் வந்த அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கவில்லை. வாத்தியாரே வாசலில் வந்து நின்று பார்த்தார். மாமா என்னைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார். ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத மரியாதை. அப்புறம் கொஞ்ச நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அப்பாவுக்கு இருந்தது ஒரே கவலை. "கரையை எப்படி வேணும்னாலும் போடுங்க மாப்பிள்ளை. வரத்துக்காலை மட்டும் மறிச்சிராதீக" என்றார்.

"நீங்களே வந்து காட்டுங்க மச்சான், எங்குட்டெங்குட்டு விடணும்னு. இலாகாவுலயும் அதைத்தேன் சொல்லியிருக்காக" என்றார் மாமா.

அம்மா தன் பழைய சிவப்புச் சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தாள். வரத்துக்கால் போகிற இடமெல்லாம் அப்பா கம்பை நட்டுக்கொண்டே போக, நான் துணியைக் கட்டிக்கொண்டே போனேன். சிவப்பைக் கண்டால் மண் தள்ளும் பிளேடைத் தூக்கி, அங்கே கரை போடாமல் விட்டுவிட வேண்டும் என்று மாமா எங்கள் எதிரிலேயே டிரைவரிடம் சொன்னார். அப்பா அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வேலையாட்கள் காட்டிலேயே கொட்டகை போட்டுப் பொங்கித் தின்றார்கள். மாமாவுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போனது. தம்பி வெயிலில் நிற்கிறான் என்று அம்மா நாள் தவறாமல் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்தில் இருந்த கொட்டகை வரை நடந்தாள். கரை போடுகிற இடம் அங்கிருந்து தெரியாது. முட்டைக்கென்று வைத்திருந்த கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் கோழிக்கறியை அவ்வளவு அடிக்கடி பார்த்தது அந்தக் காலத்தில்தான். பார்த்தேன் என்றுதான் சொல்கிறேன். சாப்பிட்டது மாமா.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியிலேயே மழை பிடித்தது. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தைக் கேட்டே அப்பாவின் முகம் மலர்ந்தது. விடிந்ததும் கண்மாய்க்குப் போனவர் ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தார். கண்மாய்க்குள் நேராக விழுந்த மழைதான் குட்டையாகக் கிடந்ததாம், வரத்து ஒரு சொட்டுகூட இல்லையாம். அடுத்த மழைக்கும் அதே கதை. நாற்றங்காலில் நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. இன்னும் தாமதித்தால் முற்றிவிடும், பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அப்பா வானத்தைப் பார்ப்பதும் கண்மாயைப் பார்ப்பதுமாக இருந்தார். காட்டைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அங்கே மச்சினன் இருக்கிறாரே.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு காலையில் நாங்கள் பிள்ளைகளாகச் சேர்ந்து காட்டுக்குப் போனோம். அங்கே தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் செக்கச்செவேலென்று கிடந்தது. கடல் என்றே முடிவு செய்துவிட்டோம். இறங்கி ஆடியதுபோக, சேதியை முதலில் சொல்ல வேண்டும் என்று நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காட்டுல கடல் கெடக்குப்பா. நம்ம கட்டுன சேப்புத் துணி தண்ணிக்கு நடுவுல நிக்குது" என்றேன்.

அப்பா வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே இறக்கினார். சட்டைகூடப் போடாமல் கிளம்பினார். வழியில் இருந்த ஆட்களெல்லாம் மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். அம்மா அன்றும் தூக்குவாளியில் சாப்பாட்டைக் கட்டினாள். தான் போய்க் கேட்டால் தம்பி சரிசெய்துவிடுவான் என்று நம்பினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா கரை மேல் நின்றார், ஊர் கீழே நின்றது. துணி கட்டிய இடத்தில்தான் கரை மற்ற இடத்தைவிட உயரமாக இருந்தது. வரத்துக்கால் பள்ளம் அல்லவா, அதை அடைக்கக் கூடுதலாக மண் தள்ளியிருந்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதுதான். விடச் சொல்லி நாங்கள் நட்ட கம்பையே அடையாளமாக வைத்து அடைத்திருந்தார்.

"அம்புட்டுத் துணி கட்டியிருந்தமே மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"பார்த்தேன் மச்சான். காலுக்குக் கால் பிளேடைத் தூக்கித் தூக்கி இறக்குனா வேலை என்னைக்கு முடியுறது? ஒரே இழுப்பா இழுக்கச் சொல்லிட்டேன். சும்மா பதறாதீக, இன்னும் ரெண்டு மழை பேஞ்சா கரையைத் தாண்டித் தானா வரும்" என்றார் மாமா. அதற்குமேல் சிரிப்பு வேறு. "இது கவர்மெண்டு கரை. கை வச்சீகன்னா கேசாகிப் போகும்."

மண்வெட்டிகள் தயங்கி நின்றன. அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அப்பாவின் கையில் இருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கரை மேல் ஏறினாள்.

"எங்கையில சோறு வாங்கித் தின்னுக்கிட்டே எம்பிள்ளைக சோத்தை மறிச்சுட்டியேடா" என்றாள்.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ. கேசு போட்டுருவாக."

"போடச் சொல்லு. காண்ட்ராக்டரோட அக்காதேன் வெட்டுனான்னு எழுதச் சொல்லு."

அம்மா வெட்டத் தொடங்கினாள். மாமா தடுக்க வரவில்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நான்தான் தடுத்தேன். என் கடல் போய்விடுமே என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதேன். அம்மா ஒரு கையால் என்னைத் தள்ளிவிட்டு வெட்டினாள். பிறகு ஊரே ஏறி வெட்டியது. தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு வரத்துக்காலில் இறங்கியது. சாப்பாட்டை யாரும் தொடவில்லை, தூக்குவாளி அங்கேயே கிடந்தது.

கேசெல்லாம் வரவில்லை. இலாகா அதிகாரி வந்து பார்த்துவிட்டு, வரத்துக்காலை விட்டுத்தானே கரை போடச் சொன்னோம் என்று மாமாவைத்தான் பிடித்துக்கொண்டார். மாமா திரும்ப எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. கண்மாய் பாதிதான் நிறைந்தது. அப்பா பாதி வயலில்தான் நட்டார். மாமா அதற்குப் பிறகு எத்தனையோ காடுகளை உழுது, மாடி வீடு கட்டி, நன்றாகத்தான் இருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

தை பிறந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முதல்நாளே மாமா கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வெல்லமுமாகச் சீர் கொண்டுவந்து இறக்குவார். நான் முதல்நாள் பூராவும் சாலையில் நின்று பார்த்தேன். வரவில்லை. பொங்கலன்று காலையிலும் நின்றேன். அப்பா காரைக்குடிச் சந்தையில் வாங்கி வந்த கரும்பு வாசலில் சாத்தியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா எங்கள் பாதி வயலில் விளைந்த புது அரிசியைக் களைந்து பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் கரையை வெட்டுன? வெட்டாம இருந்தா மாமா கரும்பு கொண்டாந்திருப்பாகள்ல" என்று கத்தினேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுப்பு பொகையுது, அங்குட்டுப் போய் வெளையாடு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதினாள். புகைக்கு ஏன் இவ்வளவு அழ வேண்டும் என்று நினைத்தேன். தாய் தகப்பன் இல்லாத அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். கரையை வெட்டினால் அந்த ஒருவரும் இல்லாமல் போவார் என்று மேலே ஏறும்போதே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் தெரியாது. அடுப்பில் புகையே இல்லை என்பதைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை.